எல்லாக் கேள்விக்கும் 'இல்லை' என்று டிக் அடிக்கலாமா?

வாசகி எழுதியது, சுருக்கமாக (அடையாளங்கள் மாற்றப்பட்டுள்ளன): நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். எனக்கு 44 வயது. டிசம்பர் கடைசியில் குடும்பத்தோடு கரீபியன் கடலில் இருக்கும் பொனேர் தீவுக்குப் போய், ஒரு வாரம் ஸ்கூபா டைவிங் செய்யலாம் என்று இருக்கிறோம். கணவருக்கு 52. எட்டு வருடமாக சுகர். மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறார், பிரஷருக்கும் ஒரு மாத்திரை உண்டு. மகளுக்கு 16. சின்ன வயதில் வீசிங் இருந்தது, இப்போது பள்ளியில் ஓடுவதற்கு முன் மட்டும் இன்ஹேலர் எடுக்கிறாள். எனக்கு சைனஸ் தொல்லை, நீச்சல் சுமார். மூவரும் தீவுக்குப் போய் அங்கேயே கோர்ஸ் முடிப்பதாகத் திட்டம். சனிக்கிழமை காலை கடைசியாக ஒரு டைவ், மதியம் இரண்டு மணிக்கு விமானம். டைவ் ஷாப் ஒரு மருத்துவ ஃபார்ம் அனுப்பியிருக்கிறது. "ஒன்றுக்கு 'ஆம்' போட்டாலும் டாக்டர் சர்டிஃபிகேட் கேட்பார்கள், எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டுவிடு" என்கிறார், போய்வந்த நண்பர் ஒருவர். பத்து மீட்டர் ஆழம்தானே, என்ன ஆகிவிடப் போகிறது? சுறா வருமா? எனக்கு உள்ளூரப் பயம்தான், ஆனால் நான் மட்டும் கரையில் உட்கார்ந்தால் நன்றாக இருக்குமா?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் முழுக் கடிதத்தில் சுறா மூன்று இடத்தில் வருகிறது, கணவரின் சுகர் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. எனக்கு அது தலைகீழாகத் தெரிகிறது. பொனேரில் சுறாவைப் பார்க்க ஆசைப்பட்டுப் போகிறவர்கள் பெரும்பாலும் ஏமாந்துதான் திரும்புகிறார்கள். ஆமையும் கிளிமீனும் நிறையத் தெரியும். உங்கள் குடும்பத்தின் ஆபத்து கடலில் இல்லை. மூன்று பேரும் உடம்புக்குள் எடுத்துக்கொண்டு போகும் காற்றிலும், கணவரின் மாத்திரைப் பெட்டியிலும்தான் இருக்கிறது.

போக வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. தீவை நன்றாகவே தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். பொனேர் வெனிசுவேலாவுக்கு வடக்கே, நெதர்லாந்தின் பகுதியாக இருக்கும் சின்னத் தீவு. பெரும்பாலான புயல்கள் அதற்கு வடக்கேயே போய்விடும். காற்று கிழக்கிலிருந்து அடிப்பதால் மேற்குக் கரை அநேகமாக அமைதியாக இருக்கும், தண்ணீரும் வெதுவெதுப்பு. 1979-லிருந்தே சுற்றியுள்ள கடல் பாதுகாக்கப்பட்ட பூங்கா. கரையோரச் சாலையில் மஞ்சள் பெயின்ட் அடித்த கற்களில் இடத்தின் பெயர் எழுதியிருக்கும், அங்கே வண்டியை நிறுத்தி நடந்தே கடலுக்குள் இறங்கலாம். நீரோட்டம் இழுத்துக்கொண்டு போகும் மெக்சிகோவின் கோசுமெல் தீவு மாதிரி இடங்களைவிட முதல்முறை டைவ் செய்பவர்களுக்கு இது எவ்வளவோ மேல். தீவிலேயே உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சை அறையும் இருக்கிறது.

பிறகு ஏன் தயங்குகிறேன்? அந்த ஃபார்மால்தான்.

ஃபார்ம் யாருக்காக?

சர்வதேச அளவில் டைவிங் பள்ளிகள் பயன்படுத்தும் பொதுவான ஃபார்ம் அது. முதல் பக்கத்தில் பத்துக் கேள்விகள், சிலவற்றுக்கு 'ஆம்' என்றால் மேற்கொண்டு கிளைக் கேள்விகள். உங்கள் நண்பர் சொல்வது போல அது கடைக்காரரின் கெடுபிடி இல்லை. எந்த உடம்புக்குத் தண்ணீருக்கடியில் என்ன நேரும் என்று வைத்தியர்கள் பார்த்துப் பார்த்துச் சேர்த்த கேள்விகள். 'ஆம்' என்றால் உடனே அனுமதி மறுப்பு என்று நினைக்காதீர்கள். 'ஒரு டாக்டர் பார்க்கட்டும்' என்பதுதான் அதற்கு அர்த்தம். பார்த்துவிட்டு டாக்டர் கையெழுத்துப் போடுவதும் உண்டு.

பொய்யாக 'இல்லை' போட்டால் என்ன நடக்கும்? ஒன்றும் நடக்காமல் போகலாம், உங்கள் நண்பருக்கு அப்படித்தான் ஆகியிருக்கும். ஆனால் தண்ணீரில் கணவர் தடுமாறும்போது பக்கத்தில் இருக்கும் பயிற்சியாளருக்கு அவர் சுகர்காரர் என்பதே தெரியாது. மேலே தூக்கி வந்ததும் ஆக்சிஜன் கொடுப்பார், குளுக்கோஸ் கொடுக்கத் தோன்றாது. அப்புறம் இன்ஷூரன்ஸ். நான் வக்கீல் இல்லை, இருந்தாலும் நோயை மறைத்துக் கையெழுத்துப் போட்ட காகிதம், பணம் தர மறுப்பதற்கு நல்ல காரணமாகிவிடும் என்று புரிந்துகொள்ள வக்கீல் தேவையில்லை. மகளுக்கு 18 ஆகாததால் அவள் ஃபார்மில் கையெழுத்துப் போடப்போவது பெற்றோர். அவளுக்காக அந்த 'இல்லை'யைச் சொல்கிறவர்கள் நீங்கள்தான்.

பத்து மீட்டர்தானே?

கொடைக்கானல் மலை ஏறும்போது சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே ஏறுவது இரண்டாயிரம் மீட்டர், அழுத்தம் குறைவது கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. கடலில் பத்து மீட்டர் இறங்கினாலே அழுத்தம் இரண்டு மடங்கு. அந்த ஆழத்தில் நெஞ்சு நிறைய இழுத்த காற்று, வெளியே விடாமல் மேலே வந்தால் இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரல் அந்த அளவுக்கு விரியாது, கிழியும். கிழிந்த இடத்தின் வழியே காற்றுக்குமிழி ரத்தத்தில் ஏறி மூளைக்குப் போனால் பக்கவாதம் மாதிரியே இருக்கும். பயந்துபோய் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தவர்களுக்கு, ஒன்றரை மீட்டர்கூட இல்லாத ஆழத்திலேயே இது நேர்ந்திருக்கிறது. மூச்சை ஒருபோதும் அடக்காதே என்பதை டைவிங்கில் முதல் பாடமாகச் சொல்லித் தருவது இதனால்தான். நீச்சல் குளத்தின் ஆழமும் ஆழம்தான்.

மகளைப் பற்றிப் பேசுவதற்கு முன் இதைச் சொல்லியாக வேண்டியிருந்தது.

மகளுக்கு இப்போதைக்கு வேண்டாம்

இந்தப் பதிலில் எனக்கு மனம் ஒப்பாத பகுதி இது. மூன்று பேரில் அதிகம் ஆசைப்படுவது அவள்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். வீசிங் இருந்த எல்லோருக்கும் டைவிங் கூடாது என்று இன்று யாரும் சொல்வதில்லை. நன்றாகக் கட்டுப்பாட்டில் இருந்து, மூச்சுப் பரிசோதனை சரியாக இருந்தால் அனுமதிப்பது உண்டு. ஆனால் ஓட்டம், குளிர், பதற்றம் இவற்றால் இழுப்பு வருகிறவர்களை அனுமதிக்கக் கூடாது என்றுதான் பிரிட்டனின் டைவிங் மருத்துவ வழிகாட்டுதல் சொல்கிறது. உங்கள் மகள் ஓடும் முன் இன்ஹேலர் எடுக்கிறாள். டைவிங்கில் உழைப்பு உண்டு, பதற்றம் உண்டு, சிலிண்டரிலிருந்து வருவதோ வறண்ட, குளிர்ந்த காற்று. மூச்சுக்குழாய் சுருங்கினால் அதற்குப் பின்னால் இருக்கும் காற்று அங்கேயே மாட்டிக்கொள்ளும். அவள் மூச்சை அடக்காவிட்டாலும், மேலே வரும்போது அந்தப் பகுதி மட்டும் விரியும். இறங்கும் முன் இரண்டு பஃப் எடுத்துக்கொண்டால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது.

இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. நுரையீரல் நிபுணரிடம் காட்டி, ஊதச் சொல்லி மூச்சின் அளவைப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரியோடு, ஓடவிட்டுப் பார்க்கும் பரிசோதனையும் செய்யச் சொல்லுங்கள். ஓடிய பிறகு காற்றோட்டம் குறையவே இல்லை, இன்ஹேலர் வெறும் பழக்கத்தால் தொடர்கிறது என்று தெரிந்தால் கதை மாறும், அப்போது நானே சந்தோஷமாக ஒத்துக்கொள்வேன். குறைந்தால் இந்த டிசம்பரில் அவளுக்கு ஸ்நோர்க்கெல்தான். பொனேரில் அது ஒன்றும் ஆறுதல் பரிசு இல்லை. எதிரே இருக்கும் க்ளைன் பொனேர் என்ற குட்டித் தீவுக்குப் படகில் போய், மேலாக மிதந்துகொண்டே பவளப்பாறை பார்க்கலாம். மிதவை ஜாக்கெட் போட்டுக்கொள்ளட்டும், இன்ஹேலர் படகில் இருக்கட்டும். இந்த விஷயத்தை ஏர்போர்ட்டில் வைத்துச் சொல்லாதீர்கள். இப்போதே சொல்லுங்கள், டாக்டரிடம் அவளே கேள்வி கேட்கட்டும். 16 வயதுப் பிள்ளைக்குக் காரணம் புரியும்.

கணவருக்கு: முடியலாம், ஆனால் வேலை இருக்கிறது

"கன்ட்ரோலில்தான் இருக்கு" என்று அவர் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். எந்த எண்ணை வைத்து? காலை வெறும் வயிற்றில் குத்திப் பார்த்த எண் இதற்குப் போதாது. சுகர் உள்ளவர்கள் டைவ் செய்வது பற்றி 2005-ல் அமெரிக்காவில் நிபுணர்கள் கூடி வழிகாட்டுதல் வகுத்தார்கள். அதன்படி மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சி 9 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கடந்த ஒரு வருடத்தில் பிறர் உதவி தேவைப்படும் அளவுக்கு லோ சுகர் வந்திருக்கக் கூடாது. கண், சிறுநீரகம், நரம்பு, இதயம் இவற்றில் குறிப்பிடத்தக்க பாதிப்பு இருக்கக் கூடாது. 40 வயதைத் தாண்டியவர்களுக்கு, வலி காட்டாத இதய அடைப்பு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். உங்கள் கணவருக்கு 52, கூடவே பிரஷர். ஆகவே டிரெட்மில் பரிசோதனை இல்லாமல் நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

மெட்ஃபார்மின் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை, அது மட்டுமே சுகரைத் தாழ்த்திவிடுவது அரிது. கிளிமிபிரைடு வேறு ரகம். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும், உழைத்தாலும் உழைக்காவிட்டாலும் அது இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். தண்ணீருக்கடியில் சுகர் இறங்கினால் எப்படித் தெரியும் என்று யோசித்துப் பாருங்கள். வியர்வை தெரியாது. கை நடுக்கம் குளிர் மாதிரி இருக்கும். தடுமாற்றத்தைப் பார்த்து, ஆழத்தில் நைட்ரஜன் தரும் மயக்கம் என்று பக்கத்தில் இருப்பவர் நினைத்துக்கொள்வார். பிரஷர் மாத்திரை, இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் வகையாக இருந்தால் படபடப்பும் வராது. அது என்ன மாத்திரை என்று நீங்கள் எழுதவில்லை, பெயரைப் பார்த்து அவருடைய டாக்டரிடம் கேளுங்கள். கிளிமிபிரைடுக்குப் பதிலாக லோ சுகர் வராத மருந்துக்கு மாற முடியுமா என்பதையும் அதே சந்திப்பில் கேட்கலாம். ஆனால் புது மாத்திரை தொடங்கினால் மூன்று மாதம் கழித்துத்தான் டைவ் செய்ய வேண்டும் என்கிறது அதே வழிகாட்டுதல். அதனால் டாக்டரிடம் போவதை அக்டோபர் வரை தள்ளாதீர்கள், இந்த வாரமே நேரம் வாங்குங்கள். அவராகவே மாத்திரையை நிறுத்திவிட்டு இறங்குவது இன்னும் மோசம்.

அனுமதி கிடைத்தால் டைவ் நாளில் நடைமுறை இப்படி: இறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன், அரை மணி முன், இறங்கும் நிமிடம் என மூன்று முறை விரலில் குத்திப் பார்க்க வேண்டும். 150-க்கு மேல், நிலையாக அல்லது ஏறுமுகமாக இருக்க வேண்டும். வீட்டில் 110 வந்தால் சந்தோஷப்படுவோம், இங்கே 110 வந்தால் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். 300-ஐத் தாண்டினாலும் இறங்கக் கூடாது. ஒரு டைவ் ஒரு மணி நேரத்துக்குள், ஆழம் 30 மீட்டருக்குள். குளுக்கோஸ் ஜெல் அவர் ஜாக்கெட்டிலும் இருக்க வேண்டும், கூட இறங்குபவரிடமும் இருக்க வேண்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எல் வடிவில் நீட்டினால் 'சுகர் இறங்குகிறது' என்று அர்த்தம், உடனே இருவரும் மேலே வந்துவிட வேண்டும். கூட வருபவருக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்றால், ஃபார்மில் 'ஆம்' இருந்தாக வேண்டும்.

பிரஷர் பற்றி ஒன்று. தண்ணீரில் மூழ்கும்போது காலில் இருக்கும் ரத்தம் நெஞ்சுப் பக்கம் தள்ளப்படும். கட்டுப்படாத பிரஷர் உள்ளவர்களுக்கு அப்போது நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளக்கூடும். கீழே இருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ இருமல் வந்தாலோ 'பழகவில்லை, சரியாகிவிடும்' என்று சமாளிக்காமல் மேலே வந்துவிடச் சொல்லுங்கள்.

அவர் பாதங்களையும் பாருங்கள், சொல்லப்போனால் இன்று இரவே. பொனேர் கரையில் பல இடங்களில் மணல் கிடையாது. உடைந்த பவளத்துண்டுகள் மேல், முதுகில் சிலிண்டரோடு நடந்துதான் இறங்க வேண்டும். சுகரால் பாதம் மரத்திருந்தால் கீறியது சாயங்காலம் வரை தெரியாது. தடித்த அடி உள்ள டைவிங் காலணி வாங்குங்கள். தினமும் ஏறியதும் நல்ல தண்ணீரில் கழுவி, விரல் இடுக்கை நீங்கள் பாருங்கள். முள் மீன் குத்தினால் முதலுதவி, பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் வைப்பது. மரத்த காலுக்குச் சூடு தெரியாது, வெந்நீரில் முதலில் உங்கள் கையை விட்டுப் பாருங்கள். கையுறை போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள், அந்தப் பூங்காவில் டைவ் செய்யும்போது கையுறைக்கு அனுமதி இல்லை.

ஹில்மா ஹூக்கர் என்ற மூழ்கிய கப்பலைப் பார்ப்பதுதான் அவர் கனவு என்கிறீர்கள். கஞ்சாவோடு பிடிபட்டு, 1984-ல் அந்தக் கரையில் மூழ்கிய சரக்குக் கப்பல் அது. மணலில் சாய்ந்து கிடக்கிறது, மேல் விளிம்பே சுமார் 18 மீட்டர், அடி 30 மீட்டர். முதல் கோர்ஸ் முடித்தவருக்கு எல்லை 18 மீட்டர். ஆக இந்தப் பயணத்தில் மேலிருந்து எட்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

உங்களுக்கு

சைனஸும் சுமார் நீச்சலும் பெரிய தடை இல்லை. கோர்ஸை முடிக்க 200 மீட்டர் நீந்த வேண்டும், நேரக் கணக்கு இல்லை. பத்து நிமிடம் மிதக்க வேண்டும். ஐந்து மாதத்தில் அதற்குப் பழகிவிடலாம். டைவிங்கில் பெரும்பாலானவர்களுக்கு வரும் தொல்லை காதில்தான். இறங்க ஆரம்பித்ததுமே, வலி வருவதற்கு முன்பே, மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதிக் காதைச் சமன் செய்துகொண்டே போக வேண்டும். வலித்தால் கொஞ்சம் மேலே ஏறி மறுபடி முயலுங்கள், முக்கி ஊதாதீர்கள். சளி பிடித்திருந்தால் அன்றைக்கு டைவ் வேண்டாம். மூக்கடைப்பு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கினால், பாதியில் அதன் வீரியம் தீர்ந்து, மேலே வரும்போது காற்று வெளியேற வழியில்லாமல் காதும் சைனஸும் வலிக்கும்.

பயத்துக்கு வருவோம். கோர்ஸ் முழுவதையும் தீவில் வைத்துக்கொள்ளாதீர்கள். பாடத்தையும் குளப் பயிற்சியையும் நியூ ஜெர்சியிலேயே முடித்துவிட்டு, கடல் டைவ் நான்கை மட்டும் பொனேரில் செய்யலாம். ரெஃபரல் என்று கேட்டால் எந்த டைவ் ஷாப்பிலும் சொல்வார்கள். இதனால் தீவில் இரண்டு நாள் மிச்சமாகும். அதைவிட முக்கியம், குளத்தில் மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்ததும் உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று செப்டம்பரிலேயே தெரிந்துவிடும். பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். யார் வேண்டுமானாலும், எந்த நிமிடத்திலும், காரணம் சொல்லாமல் 'நான் இறங்கவில்லை' என்று சொல்லலாம் என்பது டைவிங் செய்கிறவர்களிடையே எழுதாத சட்டம். கணவருக்குத் துணையாக இருக்க வேண்டும் என்று மட்டும் இறங்காதீர்கள். பதறுகிற துணையால் அவருக்குத்தான் ஆபத்து. நீங்கள் இறங்காவிட்டால் அவர் ஒரு வழிகாட்டியோடு போகட்டும், நீங்கள் மகளோடு ஸ்நோர்க்கெல் போங்கள். கரையில் சும்மா உட்கார வேண்டிய அவசியமே இல்லை.

சனிக்கிழமை டைவை வெட்டுங்கள்

இதில் பேரம் கிடையாது. டைவ் செய்யும்போது உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும். விமானத்துக்குள் அழுத்தம் 2,400 மீட்டர் மலை மேல் இருப்பது போலக் குறையலாம், அப்போது மிச்சமிருக்கும் நைட்ரஜன் உடம்புக்குள்ளேயே குமிழியாகிவிடும். தொடர்ந்து பல நாள் டைவ் செய்தவர்கள் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும், நான் 24 என்பேன். சனி மதியம் இரண்டு மணி விமானம் என்றால் வெள்ளி நண்பகலோடு சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மிச்ச நேரத்துக்குத் தெற்கே உப்பளங்கள் இருக்கின்றன, பூநாரைகளைப் பார்க்கலாம். தீவின் உயர்ந்த மலை 241 மீட்டர்தான், அதன் உயரம் பிரச்சினை இல்லை. டைவ் முடித்த கையோடு மூச்சிரைக்க ஏறுவதைத்தான் தவிர்க்கச் சொல்வேன்.

டைவ் முடிந்த 24 மணி நேரத்துக்குள் மூட்டு வலி, மரத்துப்போதல், தோலில் தடிப்பு, வழக்கத்துக்கு மாறான அசதி வந்தால் 'தூங்கினால் சரியாகும்' என்று விடாதீர்கள். ஆக்சிஜன் வாங்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சை அறையில் ஒரு சுற்று ஏறக்குறைய ஐந்து மணி நேரம் பிடிக்கும், செலவும் அதிகம். சாதாரணப் பயண இன்ஷூரன்ஸில் டைவிங்கை விலக்கியிருப்பார்கள், அல்லது ஆழ வரம்பு வைத்திருப்பார்கள். பாலிசியில் அந்தப் பத்தியைத் தேடிப் படியுங்கள். டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற அமைப்பு டைவிங் விபத்துக்கென்றே தனியாக இன்ஷூரன்ஸ் தருகிறது, 24 மணி நேர அவசர எண்ணும் உண்டு. கணவருக்குப் பாதம் ஏற்கெனவே மரத்திருந்தால், எங்கே, எவ்வளவு என்று கிளம்பும் முன் டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு வரும் மரப்பு சுகராலா, டைவாலா என்ற குழப்பம் வராது.

சில்லறை விஷயங்கள். பொனேரில் புழங்குவது அமெரிக்க டாலர். வெளிநாட்டுப் பயணிகளுக்கு 75 டாலர் நுழைவு வரியும், கடல் பூங்காவுக்கு 40 டாலர் கட்டணமும் இருக்கின்றன, கிளம்பும் முன் ஒருமுறை சரிபாருங்கள். ஆக்சிபென்சோன் கலந்த சன்ஸ்கிரீன் அங்கே தடை. பாஸ்போர்ட் இந்தியாவுடையது என்றால் தீவுக்கு விசா தேவையா என்று நெதர்லாந்து தூதரகத்திலும், திரும்பி அமெரிக்காவுக்குள் வர உங்கள் விசா முத்திரை செல்லுமா என்று உங்கள் வக்கீலிடமும் கேளுங்கள். அது என் எல்லைக்கு வெளியே.

பேக்கேஜுக்கு இன்னும் பணம் கட்டவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லது. மகளின் ஓட்டப் பரிசோதனையும் கணவரின் டிரெட்மில்லும் முடியும் வரை கட்டாதீர்கள். கட்டும்போது, டாக்டர் அனுமதி மறுத்தால் டைவிங் பகுதிக்கான பணம் திரும்பக் கிடைக்குமா, அதை ஸ்நோர்க்கெல் படகுக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று ஈமெயிலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.